டர்பனில் முதல் மாதம்: கைப்பேசியில் எதை, எந்த வரிசையில் ஏற்றுவது?

மதுரையிலிருந்து டர்பனுக்கு வேலைக்கு வந்த தம்பி ஒருவர் விமானம் ஏறுவதற்கு முன்பே முப்பது செயலிகளைக் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தார். சுற்றுலா இடம் காட்டுவது, உணவகம் தேடுவது, கடல் அலையின் உயரம் சொல்வது என எல்லாம் இருந்தது. மூன்றாம் நாள் இரவு எட்டு மணிக்கு அவர் வீட்டில் மின்சாரம் தீர்ந்துபோனது. தீர்ந்துபோனது என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே பல வீடுகளில் மின்சாரமும் அரிசி மாதிரிதான், வாங்கிப் போட்டால்தான் இருக்கும். அவரிடம் இந்த நாட்டு வங்கிக் கணக்கு இல்லை. சிம் இன்னும் பதிவாகவில்லை. பக்கத்து வீட்டு வைஃபையில் தொற்றிக்கொண்டு என்னை அழைத்தார். நான் என் வங்கிச் செயலியில் அவருடைய மீட்டர் எண்ணைப் போட்டு 50 ராண்டுக்கு வாங்கி, வந்த 20 இலக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் அதை மீட்டரில் தட்ட, விளக்கு எரிந்தது. முப்பது செயலிகளில் ஒன்றுகூட அன்றைக்குக் கைகொடுக்கவில்லை.

அந்த இரவுக்குப் பிறகுதான் இதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. தென்னாப்பிரிக்காவில் கைப்பேசியைத் தயார் செய்கிறவர் மூன்று கெட்ட நாட்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: மின்சாரம் இல்லாத நாள், டேட்டா தீர்ந்த நாள், கைப்பேசியே பறிபோன நாள். மூன்றும் ஏதாவது ஒரு சமயத்தில் வரும். எனக்கு மூன்றும் வந்தன. ஆகவே என் வரிசை கடைசியாகச் சொன்ன, கைப்பேசி பறிபோன நாளிலிருந்து தொடங்குகிறது.

பூட்டு: ஊரிலேயே செய்ய வேண்டியது

டர்பனுக்கு வந்த இரண்டாம் வருடம், காரில் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். (இங்கே சிக்னலுக்கு ரோபோ என்று பெயர். "மூன்றாவது ரோபோவில் இடப்பக்கம் திரும்பு" என்று யாராவது வழி சொன்னால் மிரள வேண்டாம்.) கைப்பேசி பக்கத்து இருக்கையில் கிடந்தது. கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் இருக்கை காலி. உடைந்த கண்ணாடியை மாற்ற ஒரு நாள் ஆனது. கைப்பேசிக்குள் இருந்த வாழ்க்கையை மீட்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் என் அலட்சியத்துக்குக் கிடைத்த கூலி.

விமானம் ஏறுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி இவற்றைச் செய்யுங்கள். ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் என்று தட்டினால் கைப்பேசியின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். அதைக் காகிதத்தில் எழுதுங்கள். கைப்பேசியிலேயே குறித்து வைப்பதில் பயனில்லை, சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவதைப் போல. ஆண்ட்ராய்டு என்றால் அமைப்புகளில் கூகுள் பகுதிக்குள் திருட்டுப் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது. யாராவது கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினால் அந்த அசைவை உணர்ந்து திரையைப் பூட்டிவிடும். 2024-இல் வந்த வசதி. ஐபோனில் 17.3 பதிப்பு முதல் திருடப்பட்ட சாதனத்துக்கான பாதுகாப்பு உண்டு. இரண்டையும் நாமே போய்ப் பார்த்து, அணைந்திருந்தால் இயக்கிவிட வேண்டும்.

அடுத்தது பலருக்குத் தெரியாத ஒன்று. கைப்பேசி தொலைந்தால் வேறொரு கணினியில் கூகுள் கணக்கைத் திறந்து பூட்டலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். திறக்கப் போனால், "உங்கள் கைப்பேசிக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம்" என்று வரும். அந்தக் கைப்பேசிதானே இல்லை! இதற்காகவே கூகுள் கணக்கில் மாற்றுக் குறியீடுகள் என்று பத்து எண்களை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றையும் ஒரு முறை பயன்படுத்தலாம். அச்செடுத்துக் கடவுச்சீட்டோடு வையுங்கள். நான் மூன்று வாரம் அலைந்தது பெரும்பாலும் இந்த ஒரு தாள் இல்லாததால்தான்.

வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க எண் வையுங்கள். சிம்முக்கும் ஒரு பின் எண் வையுங்கள். திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு கைப்பேசியில் போட்டால், நம் வங்கிக் குறுஞ்செய்தியெல்லாம் அவருக்குப் போகும். சிம் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் அட்டையைக் குப்பையில் போடாதீர்கள். பின் எண்ணை மூன்று முறை தவறாகத் தட்டிவிட்டால் தேவைப்படும் நீண்ட எண் அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று, பழைய கைப்பேசியை விற்காமல் கொண்டுவாருங்கள். வீட்டை விட்டு வெளியே போகாத கைப்பேசி ஒன்று இங்கே பல குடும்பங்களில் இருக்கிறது.

சிம்: ரைகா என்னும் சடங்கு

இங்கே சிம் வாங்கினால் மட்டும் போதாது; ரைகா செய்ய வேண்டும். சிம்மை ஆளோடும் முகவரியோடும் இணைத்துப் பதிவு செய்யும் சட்டத்தின் சுருக்கப் பெயர் அது. பேச்சில் அது வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது: "சிம்மை ரைகா செய்துவிட்டாயா?" கடவுச்சீட்டும் தங்கும் முகவரிக்கான சான்றும் வேண்டும். உறவினர் வீட்டில் தங்கியிருந்தால், அவருடைய பெயரில் வரும் நகராட்சிக் கட்டண ரசீதையும் நீங்கள் அங்கே தங்கியிருப்பதாக அவர் எழுதித் தரும் கடிதத்தையும் கொண்டு போங்கள். விமான நிலையக் கடைகளிலேயே இதை முடித்துக்கொள்ளலாம். தெருமுனையில் "ஏற்கெனவே ரைகா செய்த சிம்" என்று விற்பார்கள். வாங்காதீர்கள். அது வேறு யாருடைய பெயரிலோ இருக்கும். தொலைந்தால் உங்களுடையது என்று நிரூபிக்க வழியில்லை.

வோடாகாம், எம்டிஎன், டெல்காம், செல் சி என்று நிறுவனங்கள் உண்டு. எது நல்லது என்ற கேள்விக்கு உங்கள் வீட்டுச் சமையலறையில் எது எடுக்கிறதோ அதுதான் என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தெரியாது. டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதி மேடுபள்ளமான இடம். ஒரே தெருவில் மேல் வீட்டில் நான்கு கோடு காட்டும், கீழ் வீட்டில் ஒன்றும் காட்டாது. பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பிறகு அந்த நிறுவனத்தின் சொந்தச் செயலியை ஏற்றுங்கள். இந்தியாவில் ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்று பழகியவர்களுக்கு இங்குள்ள டேட்டா விலை முதலில் நெஞ்சை அடைக்கும். மலிவாகத் தெரியும் திட்டத்தை உற்றுப் பாருங்கள். ஒரு மணிநேரத்துக்கு மட்டும், நள்ளிரவுக்குப் பிறகு மட்டும், வாட்ஸ்அப்புக்கு மட்டும் என்று ஏதாவது ஒரு கொக்கி இருக்கும். 2019 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, வாங்கிய டேட்டா தீர்ந்ததும் உங்கள் சம்மதம் இல்லாமல் கூடுதல் விலையில் ஏர்டைமை, அதாவது சிம்மில் முன்கூட்டிப் போட்டு வைத்த பணத்தை, அவர்கள் கரைக்கக் கூடாது. மிஞ்சிய டேட்டாவை நீட்டித்துக்கொள்ளவும் வேறொருவருக்கு அனுப்பவும் வழி இருக்க வேண்டும். இந்த வசதிகள் செயலிக்குள் எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும். தேடிக் கண்டுபிடியுங்கள். ஏர்டைம் வாங்கியவுடனே டேட்டாவாக மாற்றிவிடுவது என் பழக்கம். சும்மா கிடக்கும் ஏர்டைமை ராசிபலன், விளையாட்டு என்று நாம் கேட்காத சந்தாக்கள் தின்றுவிடும். அப்படி ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மாதம் ஒரு முறை செயலியில் பாருங்கள்.

ஊர்ச் சிம்மை நிறுத்திவிடாதீர்கள். ஊர் வங்கியின் குறியீடு அந்த எண்ணுக்குத்தான் வரும். இரண்டாம் சிம் இடத்தில் போட்டு, டேட்டாவை அணைத்து, குறுஞ்செய்திக்காக மட்டும் உயிரோடு வைத்திருங்கள்.

வங்கி: கதவைச் சின்னதாகத் திறந்து வையுங்கள்

ரைகாவுக்கு ஒரு தங்கை உண்டு, ஃபைகா. கணக்குத் தொடங்க வங்கி கேட்கும் ஆவணங்களுக்கு அந்தப் பெயர். கடவுச்சீட்டு, வேலை விசா, முகவரிச் சான்று, வேலை தருபவரின் கடிதம் ஆகிய நான்கையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். கேபிடெக், எஃப்என்பி, ஸ்டாண்டர்ட் பேங்க், அப்சா, நெட்பேங்க் எல்லாவற்றுக்கும் நல்ல செயலிகள் இருக்கின்றன.

செயலி வந்ததும் முதல் வேலையாக வரம்புகளைக் குறையுங்கள். ஒரு நாளில் எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு அனுப்பலாம் என்று வங்கி தாராளமாக வைத்திருக்கும். கத்தியைக் காட்டி உங்களையே அனுப்பச் சொன்னால் அந்தத் தாராளம்தான் உங்களுக்கு எதிரி. நான் நாளுக்கு 1,500 ராண்ட் என்று வைத்திருக்கிறேன். வாடகை கட்டும் அன்று வீட்டில் உட்கார்ந்து உயர்த்தி, கட்டி முடித்து, மறுபடி இறக்கிவிடுவேன். சேமிப்புப் பணத்தை வேறொரு வங்கியில் வைத்து, அந்தச் செயலியை வீட்டிலிருக்கும் பழைய கைப்பேசியில் மட்டும் ஏற்றியிருக்கிறேன். கொஞ்சம் அதிகம்தான் என்று மனைவி சொல்கிறார். இருக்கட்டும்.

இணையத்தில் பொருள் வாங்க, செயலிக்குள்ளேயே உருவாக்கும் மெய்நிகர் அட்டையைப் பயன்படுத்துங்கள். உண்மையான அட்டை எண்ணை எங்கும் தர வேண்டியதில்லை.

நம் ஊர் யுபிஐ மாதிரி இங்கே ஏதும் உண்டா என்று கேட்பார்கள். 2023 மார்ச்சில் பேஷாப் வந்தது. கைப்பேசி எண்ணை வைத்தே ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனே பணம் போய்ச் சேரும். ஆனால் யுபிஐ போல எல்லாமே இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. கட்டணம் வங்கிக்கு வங்கி வேறுபடும், அனுப்புவதற்கு முன் பாருங்கள். கடைகளிலும் உணவகங்களிலும் ஸ்நாப்ஸ்கேன், ஸாப்பர் என்ற சதுரக் குறியீடுகள் ஒட்டியிருக்கும். இரண்டில் ஒன்று இருந்தால் போதும்.

இந்த ஊருக்கே உரிய அருமையான வசதி ஒன்றைச் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கே இல்லாத ஒருவருக்கும் செயலியிலிருந்து பணம் அனுப்பலாம். எஃப்என்பியில் அதற்கு இவாலட், அப்சாவில் கேஷ்செண்ட், ஸ்டாண்டர்ட் பேங்கில் இன்ஸ்டன்ட் மணி என்று பெயர். அவருடைய கைப்பேசிக்கு ஒரு எண் போகும். அதை ஏடிஎம்மில் தட்டி, அட்டை இல்லாமலேயே எடுத்துக்கொள்வார். தோட்ட வேலைக்கு வருபவருக்குக் கூலி கொடுக்க நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். அவரும் நோட்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாலை நேரத்தில் டாக்ஸி நிறுத்தத்தில் நிற்க வேண்டியதில்லை.

ஏமாற்று வேலைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைப்பார். உங்கள் பெயரும் அட்டையின் கடைசி நான்கு எண்களும் அவருக்குத் தெரிந்திருக்கும். "உங்கள் கணக்கில் திருட்டு நடக்கிறது, இப்போது திரையில் வருவதற்குச் சம்மதம் கொடுங்கள்" என்பார். அந்தச் சம்மதம்தான் திருட்டு. வைத்துவிட்டு, அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். இரண்டாவது, எதையாவது விற்கும்போது வாங்குபவர் "பணம் போட்டுவிட்டேன்" என்று ரசீதோ குறுஞ்செய்தியோ காட்டுவார். அது பொய்யாகத் தயாரித்ததாக இருக்கலாம். உங்கள் செயலியைத் திறந்து, கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். நான் ஒரு குளிர்பதனப் பெட்டியை இப்படிக் கொடுத்துவிட்டு வழியனுப்பி வைத்திருக்கிறேன், கையசைத்து.

மின்சாரம், தண்ணீர், மழை

இப்போது அந்த 20 இலக்கங்களுக்கு வருவோம். முன்கட்டண மீட்டர் உள்ள வீட்டில், மீட்டர் எண்ணை வங்கிச் செயலியில் ஒரு முறை சேமித்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். ஷாப்ரைட், செக்கர்ஸ், பிக் அன் பே, ஸ்பார் கடைகளின் கல்லாவிலும் வாங்கலாம், எண்ணைச் சொன்னால் ரசீதில் அச்சிட்டுத் தருவார்கள். அந்த 20 இலக்க எண்ணுக்கு டோக்கன் என்று பெயர். 20 ராண்டுக்கு ஒரு டோக்கன் வாங்கி, மீட்டரில் போடாமல், எண்ணைத் தாளில் எழுதி மீட்டர்ப் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். நெட்வொர்க்கும் இல்லாமல், கடையும் மூடியிருக்கும் இரவுக்கு அது உதவும். மாதத்துக்குள் பயன்படுத்திவிட்டு இன்னொன்று எழுதி ஒட்டுங்கள்.

வாடகை வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். 2024 நவம்பர் 24-க்குள் நாடு முழுவதும் முன்கட்டண மீட்டர்களுக்குப் புதிய குறியீடு ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றாத மீட்டர் புதிய டோக்கனை ஏற்காது. பூட்டிக் கிடந்த வீடுகளில் இது விட்டுப்போயிருக்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் கண் எதிரே ஒரு சிறு தொகைக்கு வாங்கி மீட்டரில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மின்வெட்டுக்கு இங்கே லோட்ஷெட்டிங் என்று பெயர். 2007-இல் தொடங்கிய கதை. ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்று ஏறும். ஒவ்வொரு படிக்கும் 1,000 மெகாவாட் வெட்டு. 2023-இல் ஸ்டேஜ் 6 என்பது அன்றாடப் பேச்சாக இருந்தது. 2024 மார்ச் இறுதியிலிருந்து பத்து மாதம் ஒரு வெட்டுகூட இல்லை. எல்லோரும் நிம்மதியாக மறந்திருந்த வேளையில் 2025 ஜனவரி 31 அன்று மீண்டும் வந்தது. அதனால்தான் எஸ்காம்சேபுஷ் செயலியை யாரும் அழிப்பதில்லை. சுருக்கமாக இஎஸ்பி. உங்கள் பகுதியின் பெயரைத் தட்டிச் சேர்த்துவிட்டால், எத்தனை மணிக்குப் போகும், எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லும். (அந்தப் பெயரில் ஆஃப்ரிகான்ஸ் வசைச்சொல் ஒன்று ஒளிந்திருக்கிறது. அலுவலகத்தில் உரக்கச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள்; காரணம் கேட்க வேண்டாம்.) அட்டவணையில் இல்லாமல் மின்சாரம் போனால், அதே செயலியில் உங்கள் தெருக்காரர்களிடம் கேட்கும் வசதி இருக்கிறது. "உங்களுக்கும் போய்விட்டதா?" என்று ஒரு கேள்வி போட்டால், பழுது தெருவிலா நம் வீட்டிலா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். வெட்டு நீண்டால் செல்பேசிக் கோபுரங்களின் பேட்டரியும் தீர்ந்து சிக்னல் மறையும். வைஃபை பெட்டிக்குச் சிறிய யூபிஎஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எந்தச் செயலியையும்விட அது பயன்படும்.

தண்ணீருக்கும் இதே கவனம் வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டோங்காட்டில் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த ஊர் மக்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றார்கள். வானிலைத் துறையின் வெதர்ஸ்மார்ட் செயலியில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கை வரும். ஆரஞ்சு என்றால் வாளிகளை நிரப்பி, கைப்பேசியில் சார்ஜை முழுதாக ஏற்றிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். நகராட்சியில் பழுதைப் பதிவு செய்தால் அவர்கள் தரும் எண்ணைத் திரைப்பிடிப்பாக எடுத்து வையுங்கள். அந்த எண் இல்லாமல் மறுமுறை பேசினால் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

வெளியே போக

கிங் ஷாகா விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். ஊபரும் போல்ட்டும் இரண்டும் வேண்டும்; ஒன்றில் வண்டி கிடைக்காத நேரத்தில் இன்னொன்றில் கிடைக்கும், விலையும் ஒப்பிடலாம். ஊபரில் பயணத்துக்கு முன் ஓட்டுநரிடம் நான்கு இலக்க எண் சொல்லும் ஏற்பாட்டை இயக்கி வையுங்கள். எண் பொருந்தாமல் பயணம் தொடங்காது. வண்டி எண்ணைப் பார்த்த பிறகே ஏறுங்கள். டர்பன் பழைய எண்கள் என்டி என்று தொடங்கும், புதியவை இசட்என் என்று முடியும். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்று வண்டி தேடாதீர்கள். கடைக்குள்ளேயோ வாசலுக்குள்ளேயோ நின்று, வண்டி வந்த பிறகு வெளியே வாருங்கள். பயணத்தைப் பகிரும் பொத்தானை அழுத்தி வீட்டாருக்கு அனுப்புவதை வழக்கமாக்குங்கள்.

சொந்தமாக ஓட்டினால் கூகுள் மேப்ஸ் அல்லது வேஸ் போதும். இங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வரைபடம் குறுக்கு வழியைக் காட்டும்போது அப்படியே நம்பாதீர்கள். அதற்குத் தூரம் தெரியும், இரவில் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று தெரியாது. என்2, என்3 நெடுஞ்சாலையை விட்டு இறங்கச் சொன்னால், இருட்டிய பிறகு நான் கேட்பதில்லை. டர்பன் பகுதியின் வரைபடத்தை வீட்டு வைஃபையில் முழுதாக இறக்கி வைத்தால் டேட்டா இல்லாமலும் வழி காட்டும்.

வெள்ளை மினிபஸ் டாக்ஸிகளுக்குச் செயலி கிடையாது. எங்கே ஏறுவது, எவ்வளவு, விரலை எப்படிக் காட்டுவது என்பதையெல்லாம் கூடப் போகிறவரிடம்தான் கற்க வேண்டும். சில்லறையைப் பின் இருக்கையிலிருந்து முன்னுக்குக் கைமாற்றி அனுப்பி, மீதியும் அதே வழியில் திரும்பி வரும் கணக்கு ஒருநாளும் தவறியதை நான் பார்த்ததில்லை.

கடை

செக்கர்ஸின் சிக்ஸ்டி60 செயலியில் 60 விநாடியில் பொருளைத் தேர்ந்தெடுத்தால் 60 நிமிடத்தில் கொண்டு வருவோம் என்கிறார்கள். காய்ச்சலில் கிடக்கும் நாளில் அது தெய்வம். கடைக்கு நேரில் போகிறவர்களுக்கு எக்ஸ்ட்ரா சேவிங்ஸ், ஸ்மார்ட் ஷாப்பர் போன்ற தள்ளுபடி அட்டைகள் வேண்டும். இவை கைப்பேசியிலேயே இருக்கும். அலமாரியில் எழுதியிருக்கும் குறைந்த விலை பெரும்பாலும் அட்டை வைத்திருப்பவருக்குத்தான். மற்ற பொருட்களுக்கு டேக்கலாட் என்ற இணையக் கடை, 2024 மே முதல் அமேசானும் உண்டு.

ஆனால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வேண்டுமென்றால் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் சந்தைக்குத்தான் போக வேண்டும். அங்கே சேப்பங்கிழங்கை மடும்பி என்று கேளுங்கள். கையில் நோட்டு இருக்கட்டும். கைப்பேசி வீட்டிலேயே இருக்கட்டும்.

அவசரம் வந்தால்

இங்கே செயலியைத் தேட நேரமிருக்காது, எண்கள்தான் வேண்டும். கைப்பேசியிலிருந்து 112. காவல்துறை 10111. அரசு ஆம்புலன்ஸ் 10177. தனியார் ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் நெட்கேருக்கு 082 911, இஆர்24-க்கு 084 124. இவற்றையும் மருத்துவக் காப்பீட்டு எண்ணையும் தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள், கைப்பேசியிலும் சேமியுங்கள். பூட்டிய திரையிலேயே தெரியும்படி இரத்த வகை, ஒவ்வாமை, வீட்டார் எண் ஆகியவற்றைப் பதிய இடமுண்டு.

கைப்பேசி பறிபோனால் வரிசை இது: வங்கிக்கு அழைத்து அட்டையையும் செயலியையும் முடக்குங்கள், சிம் நிறுவனத்துக்கு அழைத்துச் சிம்மையும் ஐஎம்இஐ எண்ணையும் முடக்குங்கள், கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் போய்த் தொலைந்ததாகக் குறியுங்கள், பிறகு காவல் நிலையத்தில் வழக்கு எண் வாங்குங்கள். காப்பீட்டுக்கு அந்த எண் இல்லாமல் ஒன்றும் நகராது. திருடனைப் பின்தொடர்ந்து ஓடுவது இந்த வரிசையில் இல்லை. வரைபடத்தில் கைப்பேசியின் புள்ளி தெரிந்தாலும் தனியாகப் போகாதீர்கள்.

தெருவுக்கொரு வாட்ஸ்அப் குழு இருக்கும். காவல்துறையோடு சேர்ந்து இயங்கும் அக்கம்பக்கத்துக் குழுக்களும் உண்டு. சேர்ந்துகொள்ளுங்கள், ஆனால் அங்கே வரும் குரல்செய்தியை அடுத்தவருக்குத் தள்ளுவதற்கு முன் நிதானியுங்கள். 2021 ஜூலைக் கலவரத்தின்போது டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் 36 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில் ஊரையே பயத்தில் ஆழ்த்திய செய்திகளில் எது உண்மை, எது யாரோ கிளப்பியது என்று பிரித்தறிய யாருக்கும் நேரமில்லை. எல்லோரும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். "கேள்விப்பட்டேன்" என்று தொடங்கும் எதையும் நான் அனுப்புவதில்லை.

ஊரோடு பேச்சும் பஞ்சாங்கமும்

இந்தியாவும் இலங்கையும் நம்மைவிட மூன்றரை மணிநேரம் முன்னால் இருக்கின்றன. இங்கே கோடைக்காக மணியை மாற்றும் வழக்கம் இல்லை, வருடம் முழுக்க அதே கணக்கு. வேலை முடித்து ஏழு மணிக்கு அம்மாவை அழைத்தால் அங்கே பத்தரை. கடிகாரச் செயலியில் ஊர் நேரத்தையும் சேர்த்து முகப்பில் வைத்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்புச் செயலியில் சூலு, ஆஃப்ரிகான்ஸ் இரண்டும் இருக்கின்றன. பள்ளிக் கடிதம், பலகை ஆகியவற்றைக் கேமராவால் பார்க்க உதவும். ஆனால் பேச்சுக்கு அதை எடுக்காதீர்கள். ஒருவரைப் பார்த்து "சவுபோனா" (வணக்கம்), கடைசியில் "ங்கியாபோங்கா" (நன்றி) என்று வாயால் சொல்வதற்கு இருக்கும் மதிப்பு வேறு.

கடைசியாக, நம்மவர்கள் எல்லோரும் ஏற்றிக்கொண்டு வரும் நாட்காட்டிச் செயலி. அதில் இடம் சென்னை என்றே இருக்கும். இராகு காலம் சூரிய உதயத்தைக் கொண்டு கணக்கிடுவது என்பதால் சென்னைக் கணக்கு இங்கே பொருந்தாது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்துவிட்டோம், பருவமும் தலைகீழ். டர்பனில் டிசம்பர் பிற்பாதியில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்து ஏழு மணியளவில்தான் இருட்டும். ஜூனில் ஏறக்குறைய 6.50-க்கு விடிந்து ஐந்து மணிக்கே விளக்குப் போட வேண்டும். பகலை எட்டாகப் பிரித்துப் பார்த்தால் திங்கட்கிழமை இராகு காலம் டிசம்பரில் சுமார் 6.40 முதல் 8.20 வரை, ஜூனில் சுமார் 8.10 முதல் 9.25 வரை. நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் ஏழரை-ஒன்பது இரண்டுக்குமே சரியாக ஒத்துவராது. அமைப்புகளில் இடத்தை டர்பன் என்று மாற்றுங்கள். நேர மண்டலமும் மாறியதா என்று பாருங்கள். திதி முடியும் நேரமும் இங்குள்ள மணியில் வரும்.

இதைப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்கள். தமிழ்ச் சொற்கள் அவரிடம் அடுப்படியிலும் பூசையறையிலும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. புரட்டாசி எப்போது தொடங்குகிறது, காவடிக்கு எந்த நாள் விரதம் என்பதையெல்லாம் அவர் செயலியில் பார்ப்பதில்லை. கோயிலில் அச்சிட்டுக் கொடுத்த நாட்காட்டி சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. என் செயலி காட்டிய தேதியும் அந்தத் தாளில் இருந்ததும் ஒரு நாள் வேறுபட்டன. ஆயா என் கைப்பேசியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாளில் விரலை வைத்தார். அந்த வருடம் காவடிக்கு நான் போனது தாள் சொன்ன நாளில்தான். கோயிலில் கூட்டமும் அன்றைக்குத்தான் இருந்தது. ஆகவே விரதத்துக்கும் திருவிழாவுக்கும் உங்கள் பகுதிக் கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து, அவர்கள் சொல்லும் தேதியை நாட்காட்டிச் செயலியில் கையால் பதிந்துகொள்ளுங்கள்.